நிறுத்தினவர் வரட்டும்

மொதல்ல கார்டைக் காட்டு அம்மிணி. ஏஜென்சிக் கார்டு, போட்டோ ஒட்டி இருக்குமே, அது. கோவிச்சுக்காதே. நேத்து ஒருத்தி வந்தா, உன்னையாட்டத்தான், தோள்ல ஒரு பை, காலெல்லாம் சேறு. நர்சு வந்துட்டாடா சாமின்னு கேட்டைத் தொறந்து, ஹால்ல உக்கார வெச்சு, காபி போட்டுக் குடுத்து, ஒண்ணு விடாம அத்தனையும் கொட்டிப்போட்டேன். நீ யாருன்னு ஒரு வார்த்தை கேக்கலை பாரு. எனக்கு வாய் அப்படி.

சரி, போட்டோவுல இருக்கறது நீதான். பையைக் கீழ வை. வேண்டாம், உள்ள போகாதே, அவரு தூங்கறாரு. நின்னு கேட்டுக்க, பேஷண்டைப் பத்தி முழுசாத் தெரிஞ்சாத்தான் பாத்துக்க முடியும். தூறல்தானே, குன்னூர்ல இதையெல்லாம் மழைன்னே சொல்ல மாட்டாங்க. குடை எனக்கு வேண்டாம், நீ புடிச்சுக்க.

நேத்து வந்தவ என்ன கேட்டான்னு மொதல்லயே சொல்லிடறேன். "உங்க ஊட்டுக்காரர்தான் எங்கப்பாவை மலை மேல காவலுக்கு நிறுத்தினாரு, அவரைக் கூப்புடாம விட்டுட்டு வந்துட்டாருன்னு ஆபீசருங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா"ன்னா. நான் முடியாதுன்னுட்டேன். சொன்னா இவரு பேரு போச்சு. சொல்லலைன்னா அவ அப்பன் பேரு போச்சு. அது ஏற்கெனவே நாப்பது வருசமாப் போன பேருதானே? இருக்கற பேரையும் எதுக்குக் கெடுக்கோணும்? நீயே சொல்லு.

உள்ள படுத்திருக்கறது யாருன்னு ஏஜென்சியில சொன்னாங்களா? வயசான பேஷண்டுன்னு மட்டும் சொல்லியிருப்பாங்க. லெப்டினன்ட் ஜெனரல் செங்கோட்டுவேல். எங்க உடுமலைப் பக்கத்துல இருந்து அந்த ஒசரத்துக்குப் போன ஆளு வேற யாரு? இவரு கார் போனா ரெண்டு பக்கமும் சல்யூட்டு நிக்கும். தோட்டத்துல மாடு மேய்ச்ச ஊட்டுப் பையன் அம்மிணி. எங்கப்பன் பொண்ணு குடுக்கறப்ப சொந்தமெல்லாம் சிரிச்சுது, பட்டாளத்தானுக்கா குடுக்கறேன்னு. அப்புறம் அதே சொந்தம்தான் பையனுக்கு வேலை வேணும்னு எங்க வாசல்ல வந்து நின்னுது.

அவரு கேப்டனா இருந்தப்ப நடந்தது இது. வடக்க, பனிமலை. ஒரு முகட்டு மேல இவரு கம்பெனிக்கு ஒரு போஸ்ட்டு. அதுக்கும் மேல, பாறை நுனியில, ஒரே ஒரு ஆள் நிக்கற மாதிரி ஒரு காவல் எடம். பட்டாளத்துல ஒரு வழக்கம் இருக்குது, கேட்டுக்க. காவலுக்கு ஒரு ஆளை யாரு கூட்டிட்டுப் போயி நிறுத்தறாங்களோ, அவங்கதான் போயி எடுக்கோணும். வேற யாரு வந்து "போதும், வா"ன்னு கூப்பிட்டாலும் அவன் அசையக் கூடாது. அசைஞ்சா தண்டனை. எப்பவும் அவல்தார்தான் நிறுத்துவாரு, அவல்தார்தான் எடுப்பாரு. அன்னைக்கு அவல்தாருக்குக் கால் வெரல் பனியில கறுத்துப் போச்சுன்னு இவரே ஒரு சிப்பாயைக் கூட்டிட்டுப் போயி நிறுத்தினாரு. ஏகாம்பரம்னு பேரு. ஆரணிப் பக்கத்து ஆளு. "நான் வந்து எடுப்பேன், அதுவரைக்கும் நில்லு"ன்னு சொல்லிட்டு எறங்கி வந்தாரு.

அதுக்கப்புறம் புயல். எதுத்தாப்ல நிக்கற ஆள் தெரியாதாம். உடனே எல்லாரும் கீழ எறங்குங்கன்னு வயர்லெஸ்ல உத்தரவு. இவரு, அவல்தார் எப்பவும் போல மேல போயி ஆளை எடுத்திருப்பாருன்னு நெனச்சாரு. அவல்தாரு, கேப்டன் சாப் நிறுத்தின ஆளு, அவருதானே எடுப்பாருன்னு நெனச்சாரு. கயித்தைப் புடிச்சுக்கிட்டு எல்லாரும் எறங்கிட்டாங்க. கீழ வந்து சூடா டீ குடிக்கறப்பத்தான் ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தாங்களாம். இவரு திரும்ப ஏறப் போயிருக்காரு, நாலு பேரு சேந்து புடிச்சு உக்கார வெச்சுட்டாங்க. புயல் நின்னு போயிப் பாத்தா பாறை நுனியே இல்லை. எல்லாம் பனி.

நீ ஏன் அம்மிணி உச்சுக் கொட்டறே? நேத்து அவளும் இந்த எடத்துலதான் காபி டம்ளரைக் கீழ வெச்சா. ஆடை படிஞ்சு ஆறிப் போச்சு, குடிக்கவே இல்லை. சக்கரை போதலையான்னு கூடக் கேட்டேன்.

அதுக்கு விசாரணை வெச்சாங்க. நடுவுல இவரு லீவுல ஊருக்கு வந்தாரு. நான் அப்ப மாசமா இருந்தேன். சோறு எறங்கலை மனுசனுக்கு, தட்டுல கையை வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு. "தெய்வானை, நான் போயி உண்மையைச் சொல்லிடப் போறேன். நிறுத்தினது நான், எடுக்காம விட்டது நான்"னாரு. சொன்னா என்னாகும்னு கேட்டேன். கோர்ட்டு, வேலை போகும், பென்சன் கெடையாதுன்னாரு. நான் அழுகலை. அழுகறவளா இருந்திருந்தா இந்தக் குடும்பம் என்னைக்கோ நடுத்தெருவுக்கு வந்திருக்கும். "கீழ எறங்கறப்ப மேல பாத்து ஒரு சத்தமாச்சும் போட்டிருப்பீங்களே?"ன்னேன். "எல்லாரும் வாங்கன்னு கத்தினேன்"னாரு. "அப்பறம் என்ன? கூப்பிட்டாச்சு. அவனுக்குக் கேக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? கூப்பிட்டேன், வரலைன்னு சொல்லுங்க. அது பொய்யா?"ன்னேன். தட்டைக் கிட்ட இழுத்துக்கிட்டாரு. அப்புறம் சாப்பிட்டாரு.

அதுதான் அம்மிணி நான் செஞ்சது. ஒரு பொண்டாட்டி செய்ய வேண்டியதைச் செஞ்சேன். நான் மட்டும் இல்லைன்னா ஜெனரலாவது ஒண்ணாவது, ஏதாச்சும் பேங்கு வாசல்ல துப்பாக்கியோட உக்காந்திருப்பாரு.

போயி அப்படியே சொன்னாரு. அவல்தாரு மறுத்துப் பேசலை. பேசினா அவரு வேலையும் போகுமில்ல? கூப்பிட்ட ஆள் வரலை, பொணமும் கெடைக்கலை, அந்தப் பக்கம் எதிரி எல்லை. காவலை விட்டு ஓடிப்போயிட்டான்னு எழுதிக்கிட்டாங்க. அதை எழுதினது விசாரணை பண்ணின அவிய. நாங்க எழுதலை. இதையும் நேத்து அவகிட்டச் சொன்னேன். "நீங்க எழுதலைதான்"னா. அப்படின்னு மட்டும் சொல்லிட்டுச் சன்னலைப் பாத்துக்கிட்டா.

அதுக்கப்புறம் இவரு ஏத்தத்தைக் கேளு. மேஜர், கர்னல், பிரிகேடியர்னு வரிசையாப் போயிட்டே இருந்தாரு. எதனால போனாருன்னு நெனக்கறே? சிப்பாய்ங்க மேல உசுரு. எந்த எடத்துக்குப் போனாலும் பொழுது மசங்கற நேரத்துல தானே நடந்து போயி, காவலுக்கு நின்ன ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையைக் குடுத்து, "நான் வந்துட்டேன், நீ போ"ம்பாரு. கர்னல் செய்யற வேலையா அது? பத்திரிகையில எல்லாம் எழுதினாங்க, சிப்பாய்களின் தகப்பன்னு. பசங்க இவருக்காக நெருப்புல குதிப்பாங்க. அந்தப் பேருலதான் மெடலு, பதவி எல்லாம். இப்பக் கூட ஊர்ல பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு இவரு பேரு வெக்கப் போறாங்க, தை மாசம் விழா. ஒரு வகையில பாத்தா அந்த ஏகாம்பரத்தால வந்த புண்ணியம்தான். என்ன முழிக்கறே? நல்லதைத்தானே சொல்றேன்.

ஆனா ஊட்டுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கல்யாணத்துக்குப் போனாக் கடைசி ஆள் மண்டபத்தை விட்டுப் போற வரைக்கும் கெளம்ப மாட்டாரு. ரயில் ஏறினா பெட்டிக்குப் பெட்டி போயிப் பாத்துட்டு வருவாரு. யாரைத் தேடறீங்கன்னு கேட்டா, "ஒருத்தரும் இல்லை"ம்பாரு. பனி பெய்யற ஊருக்குப் போனாச் சன்னல் பக்கமே வர மாட்டாரு. பெத்த மகன் பேசினாக் கூட நடுவுல காதைத் தீட்டிக்கிட்டு வேற எதையோ கேப்பாரு. அந்தச் செத்துப் போனவன் எங்க ஊட்டுல எங்களோடவே இருந்தான் அம்மிணி. மாத்தலாகிப் போற ஊருக்கெல்லாம் எங்களுக்கு முன்னால போயி நிப்பான். எனக்கு அவன் மேல அப்படி ஒரு கோவம். எங்க வாழ்க்கையில பாதியை அவன் தின்னுட்டான்.

ரிட்டையர் ஆன அன்னைக்கு என்ன பண்ணினாரு தெரியுமா? பெரிய ஆபீசருக்கு வழியனுப்பு செய்யறப்ப, அவரு உக்காந்த ஜீப்புல கயிறு கட்டி, கீழ இருக்கற ஆபீசருங்க எல்லாம் தேர் இழுக்கற மாதிரி இழுத்துக்கிட்டுப் போவாங்க. மரியாதை. பேண்டு வாசிக்குது, மாலையும் கழுத்துமா இவரு நிக்கறாரு, நான் பட்டுச் சீலையில பக்கத்துல. பாதி தூரம் போனதும், "நிறுத்துங்க, வண்டியை நிறுத்துங்க, ஒரு ஆள் மேல நிக்கறான்"னு கத்தினாரு. பேண்டு நின்னு போச்சு. மாலையைக் கழட்டிப் போட்டுட்டு எறங்கி மேட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சுட்டாரு. எனக்கு மானமே போச்சு. வெயிலு ஒத்துக்கலைன்னு நாந்தான் சொல்லிச் சமாளிச்சேன்.

அப்புறம் மறதி வந்துருச்சு. மொதல்ல சாவி, அப்புறம் மனுசங்க பேரு, போன வருசம் பொண்டாட்டி எம் பேரே மறந்து போச்சு. உள்ளுக்குள்ள எனக்கு ஒரு நிம்மதி கூட இருந்துச்சுன்னு வெச்சுக்க. எல்லாம் போறப்ப அவனும் போயிருவான்ல? அவன் மட்டும் போகலை.

ரெண்டு மாசத்துக்கு முன்னால டிவியில ஒரு சேதி. வடக்க பனி உருகி, எப்பவோ காணாமப் போன சிப்பாய் ஒருத்தர் உடம்பு கெடைச்சுதுன்னு. பாறையில சாஞ்சு, மண்டி போட்டு, துப்பாக்கியை நெஞ்சோட புடிச்சபடியே இருந்தாராம். போட்டோ காட்டலை, பேரு மட்டும் சொன்னாங்க. நான் டிவியை அமத்தறதுக்குள்ள இவரு எந்திரிச்சுட்டாரு. தானா சட்டைப் பொத்தான் போட்டாரு அம்மிணி. நான் போட்டு விட்டுக்கிட்டு இருந்த மனுசன்! கைத்தடியை எடுத்துத் தோள்ல சாத்திக்கிட்டு இந்தக் கேட்டுக்கிட்ட வந்து நின்னுட்டாரு. இந்த எடம்தான். நான் நிக்கறேனே, இதே எடம்.

கூப்பிட்டா வர மாட்டேங்கறாரு. பால்காரன் வந்தாலும், "யாரது, நில்லு! கேப்டன் சாப் வந்தாச்சா?" போஸ்ட்மேன் வந்தாலும், "கேப்டன் சாப் வந்தாச்சா?" அவருதான் கேப்டன், அவருதான் ஜெனரல், அதெல்லாம் போயி அந்தச் சிப்பாயாவே ஆயிட்டாரு. சாயங்காலம் ஆனா நானும் வேலைக்காரியும் குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போவோம், மறுநாள் காலையில மறுபடியும் இங்க வந்து நிப்பாரு. நெஞ்சுல சளி கட்டிருச்சு. இன்னொரு தடவை நனைஞ்சா ஆள் தேறாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பக்கத்து பங்களா கர்னலு யூனிபாரம் போட்டுக்கிட்டு வந்து, "உன் டூட்டி முடிஞ்சுது, போகலாம்"னாரு. இவரு அவரை மேலயும் கீழயும் பாத்துட்டு, "என்னை இங்க நிறுத்தினது நீங்க இல்லையே சாப்"னாரு. கர்னலு கண்ணைத் தொடச்சுக்கிட்டே போயிட்டாரு. அதனாலதான் உங்க ஏஜென்சிக்கே போன் பண்ணினேன்.

அப்பத்தான் நேத்து அவ வந்தா. நாப்பது வயசு இருக்கும். இவரு இங்க நின்னு, "கேப்டன் சாப் வந்தாச்சா?"ன்னாரு. இல்லைங்கன்னு தலையாட்டிட்டு உள்ள வந்தா. உனக்குச் சொன்னதெல்லாம் அவளுக்கும் சொன்னேன். நடுவுல ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அம்மா, அவரை மேலயிருந்து எடுத்தாங்களா, எடுக்கலையா?" "எடுக்கலைதான் அம்மிணி, அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்றேன், அந்த நோக்காடுதானே இது"ன்னேன். அந்நேரம் பாத்து போன் அடிச்சுது. ஏஜென்சியில இருந்து. பர்லியார்ல மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சு, நர்சு நாளைக்குத்தான் வரும்னாங்க. உன்னைத்தான் சொல்லியிருக்காங்க.

போனை வெச்சுட்டுத் திரும்பினேன். "அப்ப நீ யாரு?"ன்னேன்.

"ஏகாம்பரத்தோட பொண்ணும்மா. பூங்கோதை."

அவ கத்தலை. கத்தியிருந்தா நானும் நாலு வார்த்தை பதிலுக்குப் பேசியிருப்பேன். மெதுவாச் சொன்னா. "நான் பொறந்த சேதி எங்கப்பாவுக்குப் போயிச் சேந்துச்சான்னே தெரியாதும்மா. ஓடிப்போனவன் பொண்ணுன்னுதான் என்னை ஊர்ல கூப்புடுவாங்க. அந்தப் பக்கம் போயி வேற குடும்பம் வெச்சுக்கினு கீறான்னு பேசினாங்க. எங்கம்மா பொட்டையும் அழிக்கலை, பூவையும் எடுக்கலை. இன்னைக்கு வரைக்கும் வாசலைப் பாத்துத்தான் உக்காந்துக்கினு இருக்குது. இப்ப உடம்பு கெடச்சுடுச்சு. காவலை விட்டு ஓடினவர்னு எழுதியிருக்கறதால கொடி போத்தி அனுப்ப முடியாதுன்றாங்க. நிறுத்தின ஆபீசர் ஒரு வார்த்தை சொன்னா மாத்திடலாமாம். அதைக் கேக்கத்தாம்மா வந்தேன்." கேட்டைப் பாத்தா. "அவரால சொல்ல முடியாது. உங்களால முடியும்."

அவ எந்திரிச்சு மழையில நேரா இவருகிட்டப் போனா. நான் போர்டிகோவுல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். திட்டப் போறாளா, அடிக்கப் போறாளான்னு எனக்குப் பதறுது. இவரு வெறச்சு நின்னு, "கேப்டன் சாப் வந்தாச்சா?"ன்னாரு. அவ இவரு மொகத்தை நிமிந்து பாத்தா. அப்புறம் சொன்னா, "அவரு வர மாட்டாருப்பா. நீ எறங்கி வந்துடு. அம்மா உனக்காகக் காத்துக்கினு இருக்குது."

இவரு தடியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. "அவரு வர்றேன்னு சொன்னாரு"ங்கறாரு.

"சொன்னாரு. வரலை. நான் வந்திருக்கேன். போதும்பா, வா."

தடியைத் தோள்ல இருந்து எறக்கி அவ கையில குடுத்தாரு அம்மிணி. கொழந்தை மாதிரி அவ கையைப் புடிச்சுக்கிட்டு உள்ள வந்தாரு. தலையை அவளே துவட்டி விட்டா. ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டுப் படுத்தாரு. இன்னைக்குக் காலையில கேட்டுப் பக்கமே வரலை. அவ சொன்னதை மட்டும் எப்படிக் கேட்டாருன்னு எனக்கு இன்னும் வெளங்கலை.

அதுக்கப்புறம் என்கிட்ட வந்தா. "இப்ப நீங்கம்மா"ன்னா. "நீங்க சொன்னதை அந்த ஆபீசருங்ககிட்டச் சொல்லுங்க." நான் என்ன சொன்னேன், ஒண்ணும் சொல்லலையே, சீக்காளியோட கெடந்து எனக்கும் புத்தி தடுமாறுது, எதையாச்சும் ஒளறியிருப்பேன்னேன். அப்படித்தான் சொல்லோணும். அவ என்ற புருசனைக் காப்பாத்தினவதான், இல்லைங்கலை. அதுக்காக அவரைக் கொண்டு போயிக் கூண்டுல ஏத்த முடியுமா? அதுவும் தை மாசம் விழாவை வெச்சுக்கிட்டு?

அழுவான்னு பாத்தேன். அழுகலை. தடியை என்ற கையில குடுத்துட்டு நடந்தா. கேட்டைச் சாத்தலாம்னு நானும் பின்னாலயே வந்தேன். வெளிய போனவ திரும்பி நின்னு என்னைப் பாத்தா. "நீங்க இங்கயே நில்லுங்கம்மா. நான் வருவேன். அதுவரைக்கும் ரோசனை பண்ணுங்க"ன்னுட்டு, வளைவுல எறங்கிப் போயிட்டா.

அவ்வளவுதான். நேத்து நடந்தது இதுதான். அவ கெடக்கறா. வந்தா வரட்டும், இல்லைன்னேதான் சொல்லுவேன். எத்தனை தடவை வந்தாலும் சொல்லுவேன். சொல்ல மாட்டேனா? நான் சொல்லிருவேன்னு நெனக்கறியா?

கீழ வளைவுல யாரோ வர்றாப்ல இருக்குதே, பாரு. நீல சீலையா? இல்லையா? கண்ணு சரியாத் தெரியலை. வெடிஞ்சதுல இருந்து பாத்துக்கிட்டு நிக்கறேன், பஸ்சு வர்றது எல்லாம் அவ வர்ற மாதிரியே இருக்குது.

என்ன கையைப் புடிச்சுப் பாக்கறே? சில்லுன்னுதான் இருக்கும், தூறல்ல நின்னா சில்லுன்னு இருக்காதா? இந்தத் தடியா? கையில இருக்குது, அவ்வளவுதான். சீலை நனைஞ்சா நனையுது. நீ உள்ள போ அம்மிணி, அவரு எந்திரிச்சிருவாரு, கஞ்சி அடுப்புல இருக்குது, சூடு பண்ணிக் குடு. உன் பேஷண்டு அவருதான், நான் இல்லை. இழுக்காதே. விடு கையை. நல்ல பொண்ணுதான் நீ, கோவிச்சுக்காதே. நீ கூப்பிட்டா நான் எப்படி வர முடியும்? என்னை இங்க நிறுத்தினது நீ இல்லையே.